நீலம் வழிந்தால் நிறுத்து

இது வெய்யோ அடித்த வர்ணம்.
போன ஆகஸ்டில், கராஜ் கதவை அகலத் திறந்துவைத்து,
ஒரே மாலையில், மூன்று பீர் டின்களுக்கு நடுவே.
கேட்டால், "கொஞ்சம் தள்ளி நின்னு பாரு" என்பான்.

தள்ளி நின்றால் நல்ல நீலம்தான்.
கிட்டப் போனால் ஆரஞ்சுப் பழத் தோல்.
இடது கதவில் ஒரு வழிசல்,
மூக்குச் சிந்தத் தெரியாத பிள்ளைக்கு வழிகிற மாதிரி.
பெட்ரோல் மூடிக்குக் கீழே, லாக்கருக்குள்,
ஒரு கொசு.
ஆறு காலையும் எண்ணலாம்.

இந்தப் பழைய சாப் காரில் பாதி என்னுடையது
என்கிறது பிரிவினைப் பத்திரம்.
எந்தப் பாதி என்று சொல்லவில்லை.
வாங்குகிறவர் சனிக்கிழமை ஓளுவிலிருந்து வருகிறார்.
இன்று செவ்வாய்.

உப்புத்தாளை நேற்றே ஊறப்போட்டிருந்தேன்.
வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு.
முதலில் ஆயிரத்தைந்நூறு, பிறகு இரண்டாயிரம், பிறகு மூவாயிரம்.
எண் ஏற ஏற தாள் சாதுவாகும்.
வர்ணக்கடை ஹில்க்கா சொல்லியனுப்பியது இரண்டே வரி:
வெள்ளையாய் வழிந்தால் லாக்கர், தேய்.
நீலமாய் வழிந்தால் நிறுத்து.

ஜூன் மாதத்துக் கெமியில் இரவு என்று ஒன்று கிடையாது.
பதினொரு மணிக்கும் கராஜ் தரையில் வெயில் நீட்டிப் படுத்திருக்கிறது.
ஆலையில் என் வேலை காகிதத்தின் வழவழப்பை அளப்பது.
அதற்கு அங்கே ஒரு எந்திரம் இருக்கிறது.
இங்கே நடுவிரல் நுனி.

பத்துத் தேய்ப்பு. ரப்பர் பட்டையால் தண்ணீரை வழி. பார்.
மினுங்கும் புள்ளியெல்லாம் இன்னும் பள்ளம்.
மங்கிப்போனதுதான் சமம்.
பளபளப்பு வேண்டுமென்றால்
இருக்கிற பளபளப்பை முதலில் கொல்ல வேண்டுமாம்.
புதன் ராத்திரிக்குள் முழுக் காரும்
சாம்பல் பூத்த கத்தரிக்காய் போல் நின்றது.
வழிசலைச் சவர பிளேடால் சீவி எடுத்தேன்.
சும்மா சொல்லக்கூடாது, அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

வியாழன், பானெட்டின் விளிம்பு.
விளிம்பில் கை வைக்காதே, டேப் ஒட்டு என்று
ஹில்க்கா மூன்றாவதாக ஒரு வரியும் சொல்லியிருக்கலாம்.
பால் போல வழிந்துகொண்டிருந்த தண்ணீரில்
ஒரு இழை நீலம்.

தாளைக் கீழே வைத்தேன்.
நகம் அளவு. அவ்வளவுதான்.
நாங்கள் பன்னிரண்டு வருஷம் தேய்த்தோம்.
தண்ணீர் எந்த நாளில் நிறம் மாறியதென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
வாளிப் பக்கம் யாரும் திரும்பவே இல்லை.

வெள்ளி முழுக்க பஃபர்.
கம்பளி வட்டு, பட்டாணி அளவு பசை.
வேகத்தைக் கூட்டியதும் சுவரெல்லாம் தெறித்தது,
பனிச்சறுக்குக் கட்டைகளில், ஜன்னலில், என் புருவத்தில்.
ஒரே இடத்தில் நின்றால் கருகும்,
நகர்ந்துகொண்டே இரு, நகர்ந்துகொண்டே இரு.
கூரையின் குழல்விளக்கு கதவுக்குள் இறங்கி
முதலில் நெளிந்தது,
பிறகு நேர்க்கோடானது.

கொசுவை விட்டுவிட்டேன்.
அதன் மேலே லாக்கர் கனமாய் இருந்தது.
இப்போது அதன் உறிஞ்சுகுழல்கூடத் தெளிவாய்த் தெரிகிறது.

சனிக்கிழமை வெய்யோவும் வந்தான்.
கதவில் தன் முகத்தைப் பார்த்து, தலையைக் கோதிக்கொண்டு,
"நல்லாத்தான் அடிச்சிருக்கேன், இல்ல?" என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

ஓளுக்காரர் குந்தி உட்கார்ந்தார்.
மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்துப் பார்க்கிற ஆள்.
கொசுவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
பானெட் விளிம்பில் விரல் நின்றது.
"இது யாரு?"

வெய்யோ தள்ளி நின்று
சிகரெட்டுக்கு நெருப்புத் தேடினான்.

"அது நான்" என்றேன்.